பேர் இருக்கா மிஸ்?

முடியாது என்கிற சொல் கணக்கு மிஸ்ஸின் வாயில் நுழையவே நுழையாது. அவள் வேலை பார்க்கும் அரசுக் கல்லூரியில் இது கேட் வாட்ச்மேன்வரை எல்லாருக்கும் தெரியும். தேர்வு மேற்பார்வைக்கு ஆள் குறைகிறதா, மிஸ்ஸைக் கூப்பிடு. ஆண்டு விழாவுக்கு நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டுமா, மிஸ்ஸிடம் சொல். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அதே தலையில் அடித்துக்கொள்வாள். "அங்க வாயைத் திறக்காம இங்க வந்து தலையில அடிச்சுக்கிட்டா தலை வீங்குமே தவிர வேலை குறையுமா?" என்று மாமியார் கேட்பாள். கேள்வி நியாயமானதுதான்.

கணவனுக்கு வெளியூரில் லாரி கம்பெனியில் வேலை. வாரக் கடைசியில் வந்து, தூங்கி எழுந்து, போய்விடுவான். மீதி நாளெல்லாம் வீட்டில் மிஸ்ஸும் மாமியாரும்தான். மாமியாருக்கு ரத்தக்கொதிப்பு. "எனக்கு வந்தது ரத்தக்கொதிப்பு இல்லடி, உன் பிரின்சிபாலை நினைச்சு வந்த கொதிப்பு" என்பாள் அந்தக் கிழவி.

மிஸ்ஸுக்குப் பகல் வகுப்பும் உண்டு, மாலை வகுப்பும் உண்டு. பகலில் வருகிறவர்கள் வீட்டில் சாப்பாடு போட்டு அனுப்பிவைத்த பிள்ளைகள். மாலைப் பிரிவு வேறு ரகம். பேக்கரியில் மாவு பிசைகிறவன், ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள், பெட்ரோல் பங்கில் நாளெல்லாம் நிற்கிறவன், ரெண்டு பிள்ளை பெற்றவள். கொட்டாவி விட்டுக்கொண்டேதான் கணக்குப் போடுவார்கள், ஆனால் போட்டு முடிப்பார்கள். பகல் வகுப்பு எடுத்தால் சம்பளம் வாங்கின மாதிரி இருக்கும், மாலை வகுப்பு எடுத்தால்தான் வேலை பார்த்த மாதிரி இருக்கும் என்று மிஸ் சொல்வாள்.

அந்த மாலைப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, மிஸ் வேலைக்குச் சேரும் முன்பே இருந்தது. பாதியில் நின்றவர்களின் பேரை அங்கே அடிப்பதில்லை. பிரசவமோ, வேலை மாற்றமோ, வீட்டில் யாராவது படுத்துக்கொண்டார்களோ, எதற்காக நின்றாலும் பேர் பட்டியலில் அப்படியே இருக்கும். தினமும் வருகை எடுக்கும்போது அந்தப் பேர்களையும் சேர்த்தே கூப்பிட வேண்டும். வராதவருக்காக வகுப்பில் தெரிந்தவர் யாராவது பதில் சொல்வார்கள்.

"துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு மிஸ். மழை முடிஞ்சதும் வந்துடுறானாம்."

"அவளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு மிஸ். அவளை மாதிரியே மூக்கு."

"இவன் சும்மாதான் மிஸ் ஊர் சுத்துறான். கூப்பிட்டு நாலு வார்த்தை கேளுங்க."

வகுப்பே சிரிக்கும். வருகை எடுப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். வெளியாள் பார்த்தால் இது கல்லூரியா, சந்தைக்கடையா என்பான். ஆனால் நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு வருஷம் கழித்து, மூன்று வருஷம் கழித்து, ஒருநாள் சாயங்காலம் வாசலில் வந்து நிற்பார்கள். "போய் உட்காரு" என்பாள் மிஸ், நேற்றுத்தான் போனவர்போல. பேக்கரிக்காரன் ரெண்டு தடவை நின்று மூன்றாவது தடவையாக வந்து உட்கார்ந்திருக்கிறவன். "ரெண்டு தடவை ஓடினப்புறம்தான் மிஸ் கணக்கு மண்டையில ஏறுது" என்பான்.

அப்படி நின்றவர்களில் ஒருத்திதான் மருந்துக்கடைப் பெண். மிஸ்ஸின் வீட்டுத் தெருமுனையிலேயே கடை. முதல் ரெண்டு வருஷமும் ஒரு பேப்பர்கூட பாக்கி இல்லாமல் பாஸ் செய்தவள். மூன்றாம் வருஷம் தொடங்கியபோது அவளுடைய அப்பா கைகால் விழுந்து படுத்துவிட்டார். பகலில் கடை, சாயங்காலம் அப்பா என்று ஆகிப்போனது. மிஸ் மாதாமாதம் மாமியாருக்கு மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம், அட்டையை எண்ணிக் கவரில் போட்டுக்கொண்டே அந்தப் பெண் கேட்பாள்:

"பேர் இருக்கா மிஸ்?"

"இருக்குடி. அது எங்க போகப் போகுது? நீ எப்ப வர்ற?"

"வந்துடுவேன் மிஸ். பேரை மட்டும் பார்த்துக்கோங்க."

இதே கேள்வி, இதே பதில். மாத்திரை வாங்குகிற சாக்கில் இந்தப் பேச்சா, இந்தப் பேச்சுக்காக மாத்திரையா என்று தெரியாத அளவுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. வேறு எந்தப் பற்றும் இல்லாமல், அந்தப் பட்டியலில் கிடக்கிற தன் பேரைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெண் படுத்துக் கிடக்கிற அப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸுக்கு அது தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் மேலிடத்துக்கு ஞானோதயம் வந்தது. மாநிலத்தில் இருக்கிற அரசுக் கல்லூரிகள் எல்லாம் எப்படி நடக்கின்றன என்று அளந்து மார்க் போடப் போகிறார்களாம். நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றது? மக்கள் பணத்தில் நடக்கிற கல்லூரி, கேள்வி கேட்கத்தானே வேண்டும். கழிவறை, நூலகம், ஆசிரியர்களின் தகுதி என்று எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு; பெரிய மார்க் எதற்கென்றால், பட்டியலில் இருக்கிற மாணவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் முடித்தார்கள் என்பதற்கு. நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே வாங்குகிற பிரிவை அடுத்த வருஷம் மூடிவிடுவார்கள். இந்த வேலைக்குக் கல்லூரியில் ஒரு பொறுப்பாளர் வேண்டும். யாரைப் போட்டிருப்பார்கள்? வேறு யாரை!

"சரிங்க சார்" என்றாள் மிஸ்.

அவள் கணக்குக்காரி. மாலைப் பிரிவுக்குப் போட்டுப் பார்த்தாள். பட்டியல் நிறைய நின்றுபோனவர்கள். துறைமுகத்துக்காரன், பெண் குழந்தைக்காரி, ஊர் சுத்துகிறவன், எல்லாரும் உரிய காலத்தில் முடிக்காதவர்கள். மூன்றாவது தடவை வந்து உட்கார்ந்திருக்கும் பேக்கரிக்காரன் நாளைக்கே முதல் மார்க் வாங்கினாலும் அவனும் தோற்றவன்தான். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் நாற்பது தொடவில்லை.

மதிப்பீட்டு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். லைன் கிடைப்பதற்குள் காது சிவந்துவிட்டது. அங்கே ஒரு பையன் குரல், மரியாதையாகத்தான் பேசினான்.

"ரெண்டே கட்டம்தான் மேடம். முடிச்சவங்க, முடிக்காதவங்க."

"இவங்க நடுவுல இருக்காங்க தம்பி. நின்னிருக்காங்க, ஆனா வந்துடுவாங்க."

"நடுவுல கட்டம் இல்லையே மேடம்."

"அப்ப மத்த கல்லூரிங்க எல்லாம் என்ன பண்றாங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "வராதவங்க பேரை அடிச்சிடுறாங்க மேடம். பட்டியல்ல இல்லாதவங்களைப் பத்திக் கேள்வியே கிடையாது. தகவல் அனுப்புற தேதிக்கு முன்னாடி அடிச்சிட்டா போதும்."

மிஸ் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னாள். மனுஷர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. தன் காலத்தில் ஒரு பிரிவு மூடப்பட்டது என்ற பேர் வேண்டாம் என்று நினைத்தார். அதில் என்ன தப்பு?

"அடிச்சிடும்மா" என்றார்.

"சார், அடிச்சா அவங்க திரும்பி வரவே முடியாது. புதுசாத்தான் சேரணும். முதல் வருஷத்துல இருந்து. அதுக்கும் வயசு வரம்பு இருக்கு. பாதிப் பேருக்கு வயசு தாண்டிடுச்சு சார்."

"அடிக்கலைன்னா பிரிவே இருக்காதும்மா. இப்ப உட்கார்ந்து படிக்கிறாங்களே, அவங்க எங்க போவாங்க? பிரிவே இல்லாம நின்னவங்க எங்க திரும்பி வருவாங்க? நீயே ஒரு வழி சொல்லு, நான் கேக்கிறேன்."

அவளிடம் வழி இல்லை. ராத்திரி பகல் யோசித்தாலும் இல்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அந்த எறும்பாவது தன் கையாலேயே கொள்ளியைப் பற்றவைக்க வேண்டியதில்லை. இவள் கையாலேயே அடிக்க வேண்டும், இவள் வாயாலேயே தினமும் கூப்பிட்ட பேர்களை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தாள். ஒவ்வொரு பேருக்கும் வகுப்பில் யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது காதில் கேட்டது. மருந்துக்கடைப் பெண்ணின் பேர் வந்தபோது தாண்டிப் போய்விட்டாள். ஒரே ஒரு பேர்தானே, மார்க்கில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கூட்டிப் பார்த்தாள். பெரிதாகக் குறையவில்லை. மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி.

அனுப்புவதற்கு முன்னால் பிரின்சிபால் பட்டியலைப் பார்த்தார். விரல் அந்தப் பேரில் நின்றது.

"இது யாரும்மா?"

"மருந்துக்கடையில வேலை பார்க்கிற பொண்ணு சார். அப்பாவுக்கு உடம்பு முடியலை. கட்டாயம் வந்துடுவா."

"எல்லாருமே கட்டாயம் வர்றவங்கதானேம்மா. நீதானே சொன்னே? இவளை மட்டும் ஏன் வைக்கணும், உனக்குத் தெரிஞ்சவ என்கிறதாலயா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் மிஸ் ஒருவேளை எதிர்த்துப் பேசியிருப்பாள். துறைமுகத்துக்காரனுக்கு மிஸ்ஸின் தெருவில் கடை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அது அவளுக்கே உறைத்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பேரையும் அடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் வருகை எடுத்தாள். இருந்தவர்களின் பேரை மட்டும் கூப்பிட்டாள், "உள்ளேன் மிஸ்", "உள்ளேன் மிஸ்" என்று வந்தது, முடிந்துவிட்டது. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் பலகையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"மிஸ், மத்தவங்க பேரு?" என்றான் பேக்கரிக்காரன்.

"புதுப் பட்டியல்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். மாவு பிசைகிறவனுக்கும் மூளை இருக்கிறது, புரிந்துகொண்டான்.

அந்த மாதம் மாத்திரை வாங்கப் போனாள். எப்படிப் பேச்சை எடுப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். அந்தப் பெண் அட்டையை எண்ணிக்கொண்டே வழக்கம்போல, "பேர் இருக்கா மிஸ்?" என்றாள். "இருக்குடி" என்று வாய் சொல்லிவிட்டது. பழகின வாய், என்ன செய்ய! சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டாள். அடுத்த மாதத்திலிருந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய மருந்துக்கடைக்குப் போனாள்.

மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அதிகாரி தோரணை எதுவும் இல்லை. மாலை வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, பாடத்தை முழுசாகக் கேட்டாள். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்காரியிடம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், எப்போது படிக்கிறாய் என்று விசாரித்தாள். அவளைத் திட்டுவதற்குக்கூட வழியில்லாமல் நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

பிறகு பிரின்சிபால் அறையில் டீ குடிக்கும்போது கேட்டாள்: "எல்லாரும் வேலைக்குப் போறவங்க. ஆனா நடுவுல ஒருத்தர்கூட நிக்கலை. ஆச்சரியமா இருக்கே, எப்படி?"

"எங்க பிள்ளைங்க கெட்டி மேடம்" என்றார் பிரின்சிபால்.

"நின்னுபோனவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர்றதுக்கு ஏதாவது ஏற்பாடு வச்சிருக்கீங்களா? எந்தக் கல்லூரியிலயும் இல்லை. அதுக்குத் தனியா ரெண்டு மார்க் இருக்கு. இதுவரைக்கும் யாருக்குமே போடலை."

அடப்பாவிகளா! மிஸ் டீ கப்பைக் கீழே வைத்தாள். வராதவன் பேரையும் தினமும் கூப்பிடுகிற கல்லூரி வேறு எங்கே இருக்கிறது என்று எழுந்து நின்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால் அடுத்த கேள்வி, அந்தப் பேர்கள் எங்கே என்பது. ரெண்டு மார்க்கை வைத்துக்கொண்டு அந்த ஓட்டையை அடைக்க முடியுமா? அவள் பிரின்சிபாலைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

"அந்தத் தேவையே இங்க வரலை மேடம்" என்றார் அவர், மெல்ல.

"அப்படித்தானேம்மா?" என்று கண்ணாடி அம்மா மிஸ்ஸைக் கேட்டாள்.

"ஆமாங்க" என்றாள் மிஸ்.

முடிவு வந்தது. மாலைப் பிரிவு தப்பித்துவிட்டது. தப்பித்தது மட்டுமா, இடைநிற்றலே இல்லாத பிரிவு என்று அறிக்கையில் தனியாகப் பாராட்டு வேறு. பிரின்சிபால் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். பேக்கரிக்காரன் வேலை பார்க்கிற கடையிலிருந்துதான் வந்தது. மிஸ் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாமியார் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. நீ ஏன்டி எழவு வீட்டுக்காரி மாதிரி மூஞ்சியை வச்சிருக்க?" என்றாள்.

கொஞ்ச நாளில் நிஜமாகவே ஒரு எழவு விழுந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு பேக்கரிக்காரன் மேசைப் பக்கம் வந்தான்.

"மிஸ், மருந்துக்கடைப் பொண்ணோட அப்பா தவறிட்டார். நேத்து எடுத்துட்டாங்க. அடுத்த பருவத்துக்கு வந்துடுறேன்னு மிஸ்கிட்ட சொல்லச் சொன்னா."

"நீ என்னப்பா சொன்ன?"

"நான் என்ன மிஸ் சொல்றது?" என்றான் அவன். "சொல்றேன்னு சொன்னேன்."

அன்றைக்கே பிரின்சிபாலைத் தேடிப் போனாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், நின்று கேட்டார். ஒரே ஒரு பேரைத் திரும்ப எழுத முடியுமா என்று மிஸ் கேட்டாள். கண் கலங்கிவிட்டது, அவருக்கு முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

"எழுதினா, எப்ப அடிச்சீங்க, ஏன் அடிச்சீங்கன்னு கேப்பாங்கம்மா. ஒண்ணைக் கேட்டா மிச்சத்தையும் கேப்பாங்க. பொய்த் தகவல் கொடுத்தோம்னு பிரிவை மூடிடுவாங்க. உன் வேலைக்கும் வேட்டு." பையைத் தோளில் மாட்டியவர், மறுபடி இறக்கி நாற்காலியில் வைத்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. பாவம் நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். ஆனா என்கிட்ட வழி இல்லைம்மா."

மிஸ் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. தெருமுனைவரை ரெண்டு முறை போய்த் திரும்பிவிட்டாள். இத்தனைக்கும் ஊரே போய்வந்த வீடு. எந்த முகத்தோடு போவது?

இப்படியே ஒளிந்து காலம் தள்ளியிருப்பாள். மாமியார் விட்டால்தானே! பஸ் நிலையத்துக் கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். மருந்து ஒன்றுதான், நிறம் வேறு. கிழவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அட்டையைத் தூக்கி எறிந்தாள்.

"மஞ்சளா இருந்தாத்தான் எனக்குக் கேக்கும். இந்த வெள்ளைச் சனியனைப் போட்டதுல இருந்து தலை கிறுகிறுன்னு சுத்துது. நம்ம தெருக் கடையை விட்டுட்டு எதுக்குடி ஊரைச் சுத்துற? அந்தப் பொண்ணு எவ்வளவு பதவிசா பேசும்! அப்பனைப் பறிகொடுத்துட்டு நிக்குது, ஒரு எட்டுப் போய்ப் பார்க்கக்கூட உனக்கு மனசு வரலை. இப்பப் போறியா, இல்ல நானே கைத்தடியை எடுத்துக்கிட்டுப் போகட்டா?"

"போறேன் அத்தை" என்றாள் மிஸ். இதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம். கடையில் கூட்டம் அதிகமில்லை. மிஸ்ஸைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

"வாங்க மிஸ்! எங்க ஆளையே காணோம்? அப்பா போனப்ப எல்லாரும் வந்தாங்க, நீங்கதான் வரலை. உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்."

மிஸ் ஏதோ முனகினாள். அந்தப் பெண் மஞ்சள் மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். மூன்றாம் வருஷப் பாடம். ஓரமெல்லாம் மாவுக்கறை.

"பேக்கரி அண்ணன் கொடுத்தாரு மிஸ். கூட்டம் இல்லாதப்ப படிக்கிறேன். முதல் பாடம் முடிச்சிட்டேன், ரெண்டாவதுதான் கொஞ்சம் இடிக்குது. முதலாளிகிட்டயும் பேசிட்டேன், சாயங்காலம் சீக்கிரம் விட்டுடுறேன்னுட்டாரு. திங்கக்கிழமை பருவம் ஆரம்பிக்குதாமே, வந்துடுறேன்." கையில் கவரைப் பிரித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, கேட்டாள். "பேர் இருக்கா மிஸ்?"

வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் சரி என்று சொல்லியே பழகியவள். முடியாது என்று சொல்ல வேண்டிய ஆட்கள் எத்தனையோ பேர் அவளுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தரிடமும் வராத சொல் இந்தப் பெண்ணிடம்தான் வந்தது.

"இல்லடி."

அந்தப் பெண் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்த பிறகு கை அப்படியே நின்றது.

"அடிச்சிட்டாங்களா?"

"ம்."

"யாரு மிஸ் அடிச்சது?"

"நான்தான்."

மதிப்பீடு, கட்டம், நாற்பது மார்க், பிரிவை மூடிவிடுவார்கள் என்பதையெல்லாம் மிஸ் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது யாருடைய கதையோ போல இருந்தது. பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். பட்டியல் எப்போது அனுப்பினீர்கள் என்று மட்டும் கேட்டாள். மிஸ் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மிஸ் "இருக்குடி" என்று சொல்லிவிட்டுச் சில்லறை வாங்காமல் போனது என்பது ரெண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

பின்னால் ஒரு ஆள் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். பெண் புத்தகத்தை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தாள். அட்டைகளை எண்ணினாள். எண்ணிக்கை தவறிவிட்டதுபோல, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கவரில் போட்டாள்.

"ஒரு மாசத்துக்குத்தானே மேடம்?"

மிஸ் தலையாட்டினாள்.

"சாப்பிட்டப்புறம் போடச் சொல்லுங்க மேடம். வெறும் வயித்துல வேண்டாம்."

"சரிங்க" என்றாள் மிஸ்.

பெண் மீதிச் சில்லறையை எண்ணிக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். அதோடு கல்லாப் பெட்டியின் மூலையில் தனியாகக் காகிதத்தில் மடித்துக் கிடந்த பழைய சில்லறையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பின்னால் நின்ற ஆளின் பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள்.